இன்னும் ஐம்பது அடி



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் உள்ள எந்தக் கிராமத்திலும் கோடை காலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். ராத்திரி ஊர் அடங்கிவிட்டிருக்கும். ஏதோ ஒரு புஞ்சையில் மட்டும் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி உறுமிக்கொண்டிருக்கும். பாறை மாவாகி மேலே கிளம்பி, வரப்போரத்துச் சீமைக் கருவேலையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடும். ஈரப் புழுதியானால் நம்பிக்கை. காய்ந்த புழுதியானால் கவலை.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படி ஒரு குடும்பம் எந்த ஊரிலும் உண்டு. இரண்டு ஏக்கர் செவல் காடு. மல்லிகை வைக்கலாம், மிளகாய் போடலாம் என்று ஆசை. மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. முந்நூறு அடி என்று பேச்சு. நானூறு அடி ஆகியும் காய்ந்த புழுதிதான்.

"ஏங்க, நானூறு ஆயிருச்சே. நிப்பாட்டிருவோமா?" என்கிறாள் மனைவி.

"இம்புட்டு தூரம் வந்துட்டு இப்ப நிப்பாட்டினா, போட்டதெல்லாம் மண்ணாப் போயிரும்மா. இன்னும் ஐம்பது அடி பார்ப்போம்" என்கிறார் கணவர்.

நானூற்றைம்பதிலும் அதே கேள்வி, அதே பதில். ஐந்நூறிலும் அப்படியே. கடைசியில் எழுநூறு அடியில் லாரி நின்றது. புத்தி சொல்லி நிற்கவில்லை. கையில் பணம் தீர்ந்ததால் நின்றது.

இந்த மனிதரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? அவர் குடிகாரரல்ல, சூதாடியல்ல, சோம்பேறியுமல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாதவர். பிள்ளைகளுக்காகவே எல்லாம் செய்தவர். அப்படியிருந்தும் ஒரே இரவில் தம் குடும்பத்தைப் பல வருஷக் கடனில் தள்ளிவிட்டார். நல்ல மனது இருந்தும் கெட்ட தீர்மானம் வருவது எப்படி? வந்த பிறகு அது அவருடைய குற்றமா, அவருடைய விதியா? இந்த வாரம் இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

தட்டின் அடியில் புளி

சந்தையில் சில வியாபாரிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தராசுத் தட்டின் அடியில் கொஞ்சம் புளியை ஒட்டிவைத்துவிடுவார்களாம். பார்ப்பவனுக்குத் தராசு நேராகவே தெரியும். நிறுத்துப் பார்த்தால் அவன் பக்கமே சாயும். நம் மனத்திலும் அப்படி ஒரு தராசு இருக்கிறது. அதன் அடியில் புளியை ஒட்டிவைத்தவர் வேறு யாருமல்ல, நாமேதான். ஒட்டியது நமக்கே தெரியாது என்பதுதான் சங்கடம். இதை மனச்சாய்வு என்று சொல்லலாம். அந்த இரவில் அந்தத் தட்டின் அடியில் ஒட்டியிருந்தவை மூன்று.

முதலாவது, போட்ட பணம். 'இதுவரை செலவழித்தது வீணாகக் கூடாது' என்ற எண்ணம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நானூறு அடிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். நின்றாலும் திரும்பாது, தோண்டினாலும் திரும்பாது. ஆகவே நானூறாவது அடியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இனிமேல் கொடுக்கப்போகும் பணத்துக்கு, இனிமேல் தண்ணீர் வரும் வாய்ப்பு ஈடாகுமா?'

அதற்குப் பதில் நம் பூமியே சொல்கிறது. இது வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வருவது. நிலத்தின் அடியில் பெரும்பாலும் கடும்பாறை. அந்தப் பாறைக்குள் ஆறு ஒன்றும் ஓடவில்லை. மேலே சிதைந்து கிடக்கும் பாறையிலும், அதற்குக் கீழேயுள்ள வெடிப்புகளிலுமே மழைநீர் இறங்கித் தங்குகிறது. ஆழம் போகப் போக மேற்பாரம் அழுத்துவதால் வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அடிக்கூலியோ ஆழத்துக்குத் தக்கபடி ஏறிக்கொண்டே போகும். அதாவது, ஒவ்வொரு ஐம்பது அடியும் முந்தினதைவிட விலை அதிகம், நம்பிக்கை குறைவு. 'இவ்வளவு நேரம் வரவில்லையே, இனி வந்துதானே ஆகவேண்டும்' என்று பாறைக்கு ஒரு நியாயமும் கிடையாது.

இது படிக்காத சம்சாரியின் பலவீனம் என்று எண்ணிவிடாதீர்கள். 1962-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானத்தைக் கட்டத் தொடங்கின. செலவு முதலில் போட்ட மதிப்பைப் பல மடங்கு மிஞ்சியது. கட்டிய செலவை விற்று எடுக்க முடியாது என்று தெரிந்த பின்பும் இரு அரசாங்கங்களும் தொடர்ந்து பணம் கொட்டின. மொத்தம் கட்டப்பட்டவை 20. அவற்றில் பிரயாணிகள் சேவைக்கென்று கட்டப்பட்டவை 14 மட்டுமே. 2003-ல் அந்தச் சேவையும் நின்றது. மந்திரிகளும் இஞ்சினீயர்களும் கூடி உட்கார்ந்துதான் 'இன்னும் ஐம்பது அடி' என்றார்கள். போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடும் இந்தப் பிசகுக்கு அறிஞர்கள் அந்த விமானத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

ஏன் இப்படி? டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரண்டு மனநூல் அறிஞர்கள் 1979-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அவர்கள் 95 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 'நிச்சயமாக 3000 நஷ்டப்படுகிறீர்களா? அல்லது நூற்றுக்கு எண்பது பங்கு 4000 நஷ்டம் வரலாம், இருபது பங்கு ஒன்றுமே நஷ்டம் இல்லாமல் போகலாம் என்ற பந்தயத்துக்குப் போகிறீர்களா?' கணக்குப் போட்டால் பந்தயத்தில் சராசரி நஷ்டம் 3200, முதலாவதே மேல். ஆனால் நூற்றுக்கு 92 பேர் பந்தயத்தையே கேட்டார்கள். நிச்சயமான சிறு நஷ்டத்தை ஒப்புக்கொள்ளும் வேதனையைவிட, பெரிய நஷ்டத்தின் ஆபத்தே மனிதனுக்கு இலேசாகத் தோன்றுகிறது. நானூறு அடியில் நின்றால் நஷ்டம் நிச்சயம். தோண்டிக்கொண்டிருக்கும் வரையில் நஷ்டம் இன்னும் 'வரவில்லை'. ஆகவே தோண்டுகிறோம்.

வேப்பங்கவட்டை

இரண்டாவது புளி, நமக்குப் பிடித்த சாட்சியை மட்டும் கேட்பது.

லாரி வருமுன் நீரோட்டம் பார்ப்பவர் வந்திருந்தார். வேப்பங்கவட்டையைக் கையில் பிடித்து நடந்தார். ஓரிடத்தில் அது திரும்பியது. தேங்காயை உள்ளங்கையில் வைத்தார்; அது எழுந்து நின்றது. அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் தண்ணீர் வந்த கிணறுகளை ஊரில் எல்லோரும் விரல் விட்டு எண்ணுவார்கள். வராத கிணறுகளுக்கோ ஒரு காரணம் தயாராயிருக்கும்: 'லாரிக்காரன் ஓரடி தள்ளி இறக்கிட்டான்.' வந்தால் அவர் கெட்டிக்காரர். வராவிட்டால் லாரிக்காரன் பிசகு. இப்படிப்பட்ட கணக்கில் அவர் தோற்பதற்கு வழியே இல்லை அல்லவா?

1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் முனிக் நகரப் பக்கம் இதையே சோதித்தார்கள். நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 500 பேரைப் பரீட்சித்து, தேர்ந்த 43 பேரை எடுத்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நின்று அதன் இடத்தைச் சொல்லச் சொன்னார்கள். மொத்தம் 843 சோதனைகள். நடத்தியவர்கள் சிலருடைய நல்ல முடிவுகளைக் காட்டி, அவர்களுக்குத் திறமை உண்டு என்றார்கள். பின்னர் ஜிம் என்ரைட் என்ற விஞ்ஞானி எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, குத்துமதிப்பாகச் சொன்னாலும் இவ்வளவுதான் வரும் என்று காட்டினார். பாருங்கள், படித்த ஆராய்ச்சியாளர்களுக்கும் தட்டின் அடியில் புளி இருக்கத்தான் செய்தது!

இந்தச் சாய்வை வீட்டிலேயே பிள்ளைகளுடன் ஒரு விளையாட்டாகப் பார்க்கலாம். லண்டனில் பீட்டர் வேசன் என்ற அறிஞர் 1960-ல் வெளியிட்டது இது. 'நான் ஒரு விதியை மனத்தில் வைத்திருக்கிறேன். 2, 4, 6 அந்த விதிக்குப் பொருந்தும். நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள். சரியா, தவறா என்று சொல்கிறேன். விதியைக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லுங்கள். பிள்ளைகள் 8, 10, 12 என்பார்கள், சரி. 20, 22, 24 என்பார்கள், சரி. 'இரண்டிரண்டாகக் கூடுகிறது, இதுதான் விதி' என்று குதிப்பார்கள். தவறு! விதி 'ஏறுமுகமான எந்த மூன்று எண்ணும்' என்பதே. 1, 7, 50 என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் தெரிந்துபோயிருக்கும். ஆனால் 'ஆம்' என்ற பதில் வரும் கேள்வியையே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 'இல்லை' என்ற பதில் வரக்கூடிய கேள்வியை யாரும் கேட்பதில்லை.

அடுத்த காட்டுப் பச்சை

மூன்றாவது புளி, கண்ணில் படுவதை மட்டும் எண்ணுவது. அடுத்த காட்டில் அறுநூறு அடியில் தண்ணீர் வந்தது. அங்கே மோட்டார் ஓடுகிறது, மல்லிகை பூக்கிறது, தினமும் போகவர அந்தப் பச்சை கண்ணில் படுகிறது. அதே ஊரில் தண்ணீர் வராத துளைகள் எத்தனை? அவை சத்தம் போடுவதில்லை. ஒரு கல்லுக்கு அடியில் கிடக்கின்றன. அந்தத் துளை போட்டவரும் வெட்கப்பட்டு அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜெயித்தவனுக்கு நாக்கு உண்டு, தோற்றவனுக்கு இல்லை. பச்சையை மட்டும் பார்ப்பவன், தோண்டினால் வரும் என்றுதான் முடிவு செய்வான்.

பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிச் சங்கதி நினைவிருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் மாதாமாதம் பணம் வாங்குகிறானே என்று பார்த்துப் பார்த்தே ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள். 2012-ல் எல்லாம் சரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கையில் பணத்தைக் கண்டார்களே தவிர, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் காணவில்லை.

இது குற்றமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். தெரியாமல் சாய்ந்த தராசுக்கு மனிதன் பொறுப்பாளியா?

நம் ஞானசாஸ்திரிகள் நெடுங்காலமாகவே அறியாமையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நீக்க முடியாத அறியாமை ஒன்று. அதற்கு மனிதன் குற்றவாளியல்ல. முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. அதை நீக்காமல் விட்டதற்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். மனச்சாய்வு மனிதனுடன் பிறந்தது, அது பாவமல்ல. ஆனால் 'என் தராசு சாயக்கூடும்' என்று ஒரு தரம் தெரிந்துகொண்ட பிறகு, மனைவி மக்களுடைய சோற்றை அந்தத் தராசில் நிறுக்குமுன் தட்டைத் திருப்பிப் பார்க்காதிருப்பது அசட்டை. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விவேகத்தை ஒரு புண்ணியம் என்றே போதித்தார். புத்திசாலித்தனம் என்று மட்டும் விட்டுவிடவில்லை. அதற்கு மூன்று செயல்கள் உண்டு என்றார்: ஆலோசித்தல், தீர்ப்புச் செய்தல், செய்ய வேண்டியதைக் கட்டளையிடுதல். பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவும் அதன் பகுதி என்றார். பணிவில்லாத புத்திசாலி விவேகியல்ல.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இதைப் படிக்கும்போதே, 'ஆமாம், என் மைத்துனன் இப்படித்தான்' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். எமிலி புரோனின் என்ற பேராசிரியையும் அவருடைய கூட்டாளிகளும் 2002-ல் இதையும் ஆராய்ந்தார்கள். இந்தச் சாய்வுகள் மற்றவர்களுக்கு அதிகம், எனக்குக் குறைவு என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் நம் கண்ணிலுள்ள உத்திரத்தையும் பற்றிச் சுவிசேஷத்தில் நெடுநாளாகக் கேட்டுவருகிறோம். கேட்டும், அது மைத்துனனுக்குச் சொன்னது என்றே நினைத்துக்கொள்கிறோம்!

செய்யத்தக்கவை

ஆகவே, 'இனிமேல் கவனமாயிருப்பேன்' என்ற பிரதிக்கினை போதாது. அந்த இரவில், லாரிச் சத்தத்தில், கவனம் என்பது நம் கையில் இராது. முன்கூட்டியே சில ஏற்பாடுகள் வேண்டும்.

ஒன்று: லாரி வருமுன் ஒரு தாளில் எழுதுங்கள். 'தண்ணீர் வராவிட்டால் இத்தனை அடியில் நிறுத்துவது. இத்தனை ரூபாய்க்கு மேல் ஒரு காசும் இல்லை.' புருஷனும் மனைவியும் கையெழுத்துப் போடுங்கள். லாரிக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பகலில், வயிறு நிறைந்து, திண்ணையில் உட்கார்ந்து எழுதிய தீர்மானம், நடுராத்திரியில் புழுதிக்கு நடுவே தோன்றும் தீர்மானத்தைவிட யோக்கியமானது. கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் உவமை உங்களுக்குத் தெரியும். அவன் கணக்குப் பார்த்தது கட்டத் தொடங்குமுன். பாதிக் கோபுரத்தில் ஏறி நின்றுகொண்டு அல்ல.

இரண்டு: மறுத்துப் பேச ஒருவரை நியமியுங்கள். ஒருவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுக்கும் விசாரணையில், அதற்கு எதிரான நியாயங்களை எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு உத்தியோகஸ்தரை 1587-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் ஏற்படுத்தினார். ஜனங்கள் அவரைப் பசாசின் வக்கீல் என்றே அழைத்தார்கள்! 1983-ல் விசாரணை முறை மாற்றப்படும் வரையில் அந்த வேலை அந்த விதமாகவே இருந்துவந்தது. எல்லோரும் 'ஆம்' என்று சொல்ல ஆசைப்படும் காரியத்தில், 'இல்லை' என்று சொல்வதை ஒருவருக்குக் கடமையாகவே வைத்தார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மனைவி வாய் திறந்தால், 'நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாத' என்று அடக்கிவிடுகிறோம். அடக்காதீர்கள். 'இந்தக் கிணறு ஏன் போடக்கூடாது என்று நீ சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்' என்று நீங்களே கேளுங்கள். நானூறு அடியில் 'நிப்பாட்டிருவோமா?' என்று கேட்டவள்தான் அன்று அந்தக் காட்டில் நேரான தராசைக் கையில் வைத்திருந்தவள்.

மூன்று: அந்நியனுக்குச் சொல்லும் புத்தியை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். இது அர்ச். இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில் காட்டிய வழி. முன்பின் பார்த்திராத ஒரு மனிதன் இதே நிலையில் உங்களிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள் என்கிறார். வேற்றூரான் ஒருவன் வந்து, 'ஐயா, நானூறு அடி காய்ந்த பாறை. சங்கிலி அடகில் இருக்கிறது. இன்னும் தோண்டட்டுமா?' என்று கேட்டால், நம்மில் எவராவது 'தோண்டு' என்போமா?

நான்கு: ஊருக்கு ஒரு கணக்கு நோட்டு வையுங்கள். நம் ஊர் எல்லையில் போட்ட துளைகள் எத்தனை, எத்தனை அடி, தண்ணீர் வந்ததா, வந்தது எத்தனை வருஷம் நின்றது என்று வந்ததையும் வராததையும் சேர்த்து எழுதுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையார் மின்தடை அளவிக் கருவி கொண்டு நிலத்தடி நீரை ஆய்ந்து சொல்வதுண்டு, அதையும் கேளுங்கள். கருவியும் சத்தியம் செய்து கொடுக்காது, வாய்ப்பைத்தான் சொல்லும். ஆனால் வாய்ப்பு இவ்வளவு என்று தெரிந்து இறங்குவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு இறங்குவது வேறு.

ஊர் செய்ய வேண்டியது

ஒருவர் கேட்கலாம்: 'நானூறில் நின்றவன் காட்டுக்குப் பக்கத்தில், வேறொருவன் நானூற்றிருபதில் தண்ணீர் கண்டால்?' அதுவும் நடக்கும். அப்போதும் நின்றவர் செய்தது தவறல்ல. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் அடிபடாமல் வந்துவிட்டான் என்பதற்காக அவனை விவேகி என்போமா? தீர்மானத்தை அதன் பலனைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. தீர்மானித்த வேளையில் தெரிந்ததைக் கொண்டும், எடுத்துக்கொண்ட கவனத்தைக் கொண்டும் அளக்க வேண்டும். நம் கையில் இருப்பது கவனம். பலன் சர்வேசுரனுடைய கையில்.

கடைசியாக நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கணவரைத் தோண்டச் சொன்னது போட்ட பணம் மட்டுமல்ல. நாளைக் காலையில் டீக்கடையில், 'என்னப்பா, புழுதிதானாமே?' என்று கேட்கப்போகிற நம் வாயும்தான். ஊர் சிரிக்கும் என்ற பயத்தில் எத்தனை ஐம்பது அடிகள் தோண்டப்பட்டிருக்கின்றன! பரிகாசம் செய்கிற ஊரில் எவனும் நேரத்தோடு நிற்க மாட்டான். ஆகவே நானூறில் நிறுத்திவிட்டு வருகிறவரைக் கண்டால், 'நல்ல வேளை, நேரத்தோட நிப்பாட்டினீங்க அண்ணாச்சி' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அடுத்த வீட்டுச் சங்கிலியைக் காப்பாற்றும்.

நின்ற துளையை அன்றைக்கே உறுதியாக மூடிவிடுங்கள். 'பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம்' என்று திறந்து வைக்காதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட துளையில் ஒரு பச்சைக் குழந்தை விழுந்து இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் தமிழ்நாடே அந்தக் குழந்தைக்காகச் செபித்தது.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், உங்கள் வீட்டில் இப்போது 'இன்னும் ஐம்பது அடி' என்று நடந்துகொண்டிருக்கும் காரியம் எது என்று புருஷனும் மனைவியுமாகக் கேட்டுப் பாருங்கள். அது கிணறாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஓடாத தறியாயிருக்கலாம், முடியாத ஒரு வழக்காயிருக்கலாம், பங்காளிச் சண்டையாயிருக்கலாம், சீட்டாயிருக்கலாம். தட்டைத் திருப்பிப் பாருங்கள். புளி இருந்தால் சுரண்டிவிட்டுப் பிறகு நிறுங்கள்.